கடலோரச் சிற்றூரில் சந்தை சுற்றப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அவசரமே இல்லாத ஒரு கடலோர ஊரில் நாலைந்து நாள் தங்கி, அங்குள்ள சந்தைகளைச் சுற்றிப் பார்க்க நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. எந்த நாட்டுக் கரைக்கும் பொருந்துகிற விஷயங்களை மட்டும் எடுத்திருக்கிறேன். மீன் சந்தைக்குத்தான் அதிக இடம் போயிருக்கிறது. காய்கறிச் சந்தையும் துணிக்கடையும் எந்த ஊரிலும் கடிகாரத்தைப் பார்த்து நடக்கும். மீன் சந்தை மட்டும் கடலைப் பார்த்து நடக்கும்.

சந்தை எத்தனை மணிக்குத் தொடங்கும்?

விடுதியில் இப்படிக் கேட்டால் ஏதோ ஒரு மணியைச் சொல்வார்கள். அதை நம்பிப் போனால் வெறும் தரையைக் கழுவிக்கொண்டிருப்பார்கள், அல்லது இன்னும் யாருமே வந்திருக்க மாட்டார்கள். "படகு எப்போது கரைக்கு வரும்?" என்று கேளுங்கள். அதற்குச் சரியான பதில் கிடைக்கும்.

பெரிய துறைமுகம் உள்ள ஊரில் படகு எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரலாம். சின்ன ஊரில் அப்படியில்லை. ஆற்று முகத்துவாரத்தில் மணல் திட்டு இருந்தாலோ, நீர் வற்றும்போது தரை தெரிகிற துறையாக இருந்தாலோ, கடல் ஏறும் நேரத்துக்காகப் படகுகள் காத்திருக்க வேண்டும். பெரும்பாலான கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம் ஆகும். இரண்டு ஏற்றத்துக்கு 24 மணி 50 நிமிடம். அதனால் நேற்றைய நேரத்தோடு ஏறக்குறைய 50 நிமிடத்தைக் கூட்டினால் இன்றைய நேரம் வந்துவிடும். நேற்று ஆறு மணிக்குக் களைகட்டிய சந்தை இன்று ஏழாகப் போகிறபோதுதான் சூடு பிடிக்கிறது என்றால், காரணம் இதுதான். மத்தியதரைக் கடல் மாதிரி ஏற்ற இறக்கம் குறைவாக உள்ள கரைகளில் இந்தக் கணக்கு வேண்டியதில்லை.

காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. இரவு முதல் விடியல் வரை நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். நிலம் சூடானதும், மதியத்துக்கு மேல், கடலிலிருந்து கரையை நோக்கி வீசும். பாய்மரக் காலத்தில் முன்னதில் புறப்பட்டுப் பின்னதில் திரும்புவார்கள். இன்று பெரும்பாலான படகுகளில் இயந்திரம் வந்துவிட்டது. ஆனாலும் சில ஊர்களில் பிற்பகல் சந்தை இருப்பதைப் பார்த்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர்களில் மாலை மீன்தான் அன்றைய மீன். காலையில் விற்பது நேற்றையதாக இருக்கலாம்.

ஒரு நாள் மீன் குவிந்து கிடக்கிறது, மறுநாள் சந்தையே காலி. ஏன்?

முதலில் நிலவைப் பாருங்கள். விளக்கு வெளிச்சத்தில் மீனையும் கணவாயையும் கூட்டிப் பிடிக்கிற ஊர்களில் பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் மீன்பாடு குறைவு. வானமே வெளிச்சமாக இருக்கும்போது படகு விளக்குக்கு யார் வருவார்கள்? பல இடங்களில் அந்த நாட்களை வலை பழுது பார்க்க ஒதுக்கிவிடுவார்கள்.

அப்புறம் ஓய்வு நாள். வாரத்தில் ஒரு நாள் கடலுக்குப் போகாத வழக்கம் பல கரைகளில் உண்டு. எந்த நாள் என்பது ஊரைப் பொறுத்தது. அந்த நாளை விட அதற்கு மறுநாள் காலையில்தான் அதிகக் கவனம் வேண்டும். கடை திறந்திருக்கும், மீனும் இருக்கும், ஆனால் அது எப்போது கரையேறியது என்பது வேறு கதை. புயல் எச்சரிக்கை, மீன்பிடித் தடைக்காலம் இரண்டும் இப்படித்தான். துறையில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்க, சந்தையில் மட்டும் மீன் நிறைந்திருந்தால் அது வெளியூர் மீன் அல்லது குளிர்பதனக் கிடங்கு மீன். தவறில்லை, புது மீன் விலை கொடுக்காமல் இருந்தால் சரி.

ஏலத்தை வேடிக்கை பார்க்கலாமா?

பெரும்பாலும் பார்க்கலாம். சுவரோரமாக நில்லுங்கள். கூடையையும் ஐஸையும் தூக்கிக்கொண்டு ஓடுபவர்களின் பாதையில் மட்டும் நிற்காதீர்கள். தலையில் அவ்வளவு சுமையோடு வருகிறவரால் உங்களைச் சுற்றிக்கொண்டு போக முடியாது.

ஏலத்தில் இரண்டு தினுசு உண்டு. ஒன்றில் விலை ஏறிக்கொண்டே போகும். இன்னொன்றில் உயரத்தில் தொடங்கி இறங்கிக்கொண்டே வரும், முதலில் நிறுத்துகிறவருக்குச் சரக்கு. இரண்டாவது வகையை முதல் முறை பார்ப்பவர்களுக்கு ஏலம் தொடங்கியதா முடிந்ததா என்றே தெரியாது. மீன் வேகமாகக் கெடும் பொருள், நூறு கூடைகளைச் சீக்கிரம் தள்ளிவிட இந்த முறை தோதானது. விரல் அசைவு, தலையாட்டல் எல்லாம் கேட்பாக எடுத்துக்கொள்ளப்படும் இடங்கள் இருக்கின்றன, அதனால் அங்கே நின்று நண்பருக்குக் கையசைக்க வேண்டாம்.

நீங்களே ஏலம் எடுப்பது வீண் ஆசை. ஒரு கூடை முழுவதையும் என்ன செய்வீர்கள்? ஏலக்கூடத்தின் வாசலிலேயே அதே மீனைப் பிரித்து விற்க ஆட்கள் இருப்பார்கள். அவர்களிடம் வாங்குங்கள்.

மீன் புதியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்ணைப் பார், செவுளைப் பார் என்று எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். சரியான பாடம்தான், ஆனால் பாதிப் பாடம். ஐஸ் நேரடியாகப் பட்ட கண் நல்ல மீனிலும் மங்கிப்போகும். ஆழ்கடல் மீனை மேலே இழுக்கும்போது அழுத்த மாற்றத்தால் கண் பிதுங்கி நிற்கும், அதைப் புதுமைக்கு அடையாளமாக எடுக்க முடியாது. செவுள் ரத்தச் சிவப்பாக இருந்தால் நல்லது. பழுப்பாகி, பிறகு சாம்பல் நிறமானால் நாள் கடந்துவிட்டது. சிவப்பு மட்டும் போதாது, அதை மூடியிருக்கும் கோழை கண்ணாடி போலத் தெளிவாக இருக்க வேண்டும். பால் போலக் கலங்கியிருந்தால் வைத்துவிடுங்கள்.

நான் அதிகம் நம்புவது மூக்கையும் வயிற்றையும்தான். இப்போதுதான் கரையேறிய மீனில் 'மீன் வாடை' இருக்காது. கடல் நீரும் பாசியும் கலந்த மணம் இருக்கும், சிலவற்றில் வெள்ளரிக்காய் மணம்கூட வரும். நாம் மீன் வாடை என்று சொல்வது, கடல்மீனின் தசையில் இருக்கும் மணமற்ற ஒரு பொருளை பாக்டீரியா டிரைமெத்தில் அமீனாக மாற்றுவதால் எழுவது. அது காரத்தன்மை உள்ளது, எலுமிச்சைச் சாறு பட்டால் அடங்கும். கை கழுவ எலுமிச்சை கேட்பது சும்மா இல்லை. சுறாவும் திருக்கையும் விதிவிலக்கு: அவற்றின் உடலில் யூரியா அதிகம், பழசானால் அம்மோனியா நெடி மூக்கைத் துளைக்கும்.

வயிறு என்றேனே, அதையும் பாருங்கள். மத்தி, கானாங்கெளுத்தி மாதிரி மீன்களில் முதலில் வெடிப்பது வயிறுதான், குடலில் உள்ள நொதிகள் உள்ளிருந்தே சுவரை அரிக்கத் தொடங்கிவிடும். முதுகு விறைப்பாக, தலையைப் பிடித்துத் தூக்கினால் வால் தொங்காமல் நிற்கிற மீன் பிடிபட்டுச் சில மணி நேரமே ஆனதாக இருக்கும், அல்லது ஐஸில் மிக நன்றாக வைக்கப்பட்டதாக இருக்கும். இரண்டுமே வாங்கத் தக்கவை.

முன்கூட்டியே துண்டு போட்டு வைத்த மீனை வாங்காதீர்கள். மேற்சொன்ன அடையாளங்களில் பல துண்டத்தில் மிஞ்சாது. எந்த மீன் என்ற பெயரைக்கூட விற்பவர் சொல்வதை நம்பித்தான் ஏற்க வேண்டும். முழு மீனைப் பார்த்து எடுத்து, கண் முன்னால் வெட்டித் தரச் சொல்லுங்கள். விலை முழு எடைக்கா, சுத்தம் செய்த பின் எடைக்கா என்பதை வெட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். வாய்த்தகராறில் பாதி இதில்தான் வருகிறது. தலையும் முள்ளும் உங்களுக்குச் சேர வேண்டியவை, வேண்டுமென்றால் கேட்டு வாங்குங்கள்.

கணவாய், நண்டு, சிப்பி?

கணவாயின் தோலைக் குனிந்து பாருங்கள். புதியதாக இருந்தால் பழுப்புப் புள்ளிகள் விரிந்து சுருங்கி மின்னிக்கொண்டிருக்கும். கணவாய் இறந்த பின்னும் சில மணி நேரம் அந்த நிறப்பைகள் அடங்குவதில்லை. விரலால் லேசாகத் தொட்டால் தொட்ட இடத்தில் நிறம் ஓடும். நாளாக ஆக அது நின்று, தோல் முழுதும் இளஞ்சிவப்புச் சாயம் இறங்கியது போல ஆகிவிடும். சந்தையில் காசு கொடுக்காமல் பார்க்கக்கூடிய நல்ல வேடிக்கைகளில் இது ஒன்று.

நண்டை உயிரோடு வாங்குங்கள், கையில் எடுத்துக் கனம் பாருங்கள். ஒரே அளவில் இரண்டு இருந்தால் கனமானதை எடுங்கள். அண்மையில் ஓடு கழற்றியது பெரிதாகத் தெரிந்தாலும் உள்ளே தண்ணீர்தான். சிப்பி மூடியிருக்க வேண்டும், திறந்திருந்தால் தட்டினதும் மூடிக்கொள்ள வேண்டும். மூடவில்லை என்றால் செத்தது.

ஐஸில் வைத்த மீன் மட்டமா?

இல்லை. ஐஸே இல்லாமல் வெயிலில் பரப்பி வைத்த 'இப்போது வந்த' மீனை விட, பிடித்த உடனே ஐஸில் போட்டு மூன்று நாளான மீன் எவ்வளவோ மேல். 0 டிகிரியில் கெடும் வேகத்தை ஒன்று என்று வைத்தால், 10 டிகிரியில் அது ஏறக்குறைய நாலு மடங்கு. வெப்ப மண்டலக் கரையில் மீனுக்குச் சம எடை ஐஸ் வேண்டும் என்பார்கள். மீனின் மேலே நாலு கட்டி அழகுக்கு வைத்திருக்கிறார்களா, உடலைச் சுற்றிப் பொடி ஐஸ் அடைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

நன்றாகச் சமைத்துவிட்டால் எந்த நஞ்சும் போய்விடும்தானே?

போகாது. முக்கியமான மூன்றைச் சொல்கிறேன்.

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்றவை வெயிலில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் சேரும். வேகவைத்தாலும் உறையவைத்தாலும் அது அழியாது. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை வலித்து, தோல் தடிக்கும். சதை நாக்கில் மிளகு போலச் சுருக்கென்றால் துப்பிவிடுங்கள்.

இரண்டாவது சிகுவாட்டெரா. வெப்பக் கடல்களின் பவளப்பாறைகளில் ஒட்டி வளரும் நுண்பாசி ஒன்றின் நஞ்சு சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறிக்கொண்டே போகும். பெரிய களவா, சீலா போன்றவற்றில் இந்த ஆபத்து அதிகம். மணமோ சுவையோ காட்டிக்கொடுக்காது. குளிர்ந்ததைத் தொட்டால் சுடுவது போல உணர்வது இதன் விசித்திரமான அறிகுறி. எந்தப் பாறையின் மீனை உண்ணக் கூடாது என்று உள்ளூர்க்காரருக்குத் தெரிந்திருக்கும். அவர்களே வாங்காத பெரிய மீன் மலிவாகக் கிடைத்தால் ஏன் என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

மூன்றாவது, கடலில் நுண்பாசி பெருகி நிறம் மாறும் காலத்தில் சிப்பிகளில் சேரும் நஞ்சு. கொதிக்க வைத்தாலும் அசையாது. அந்த நாட்களில் அரசு அறிவிப்பு இருந்தால் நீங்களே பொறுக்கிய சிப்பியையும் சேர்த்து ஒதுக்குங்கள். கல்லீரல் நோய் உள்ளவர்கள் எந்தக் காலத்திலும் சிப்பியைப் பச்சையாகச் சாப்பிட வேண்டாம்.

எப்படிப் பிடித்தது என்று மீனைப் பார்த்தே சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு முடியும். செவுளுக்குப் பின்னால் கழுத்தைச் சுற்றி நூல் கட்டிய மாதிரி ஒரு கோடு இருந்தால் அது செவுள்வலையில் சிக்கியது. செதில் சிதையாமல், வாயோரம் மட்டும் கிழிசல் இருந்தால் தூண்டில் மீன். செதில் உதிர்ந்து, நசுங்கி, ஒரே கூடையில் பத்து வகை கலந்து கிடந்தால் பெரும்பாலும் இழுவைவலையில் வந்தது. தூண்டில் மீனுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால் கொடுக்கலாம், அதில் நியாயம் இருக்கிறது.

பேரம் பேசலாமா?

ஊர் வழக்கத்தைப் பாருங்கள். உங்களுக்கு முன்னால் வாங்கிய உள்ளூர்க்காரர் பேசினால் நீங்களும் பேசலாம். அவர் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் போனால் நீங்களும் கொடுங்கள். காலை விலையும் கடை கட்டுகிற நேரத்து விலையும் ஒன்றில்லை. பேரம் பேசுவதை விட நேரம் பார்த்துப் போவதில் அதிகம் மிச்சமாகும். சின்னக் கூடையோடு தரையில் உட்கார்ந்திருப்பவர் அந்தக் கூடையைக் காலையில் ஏலத்தில் கடனுக்கு எடுத்திருக்கக்கூடும், அவரிடம் கடைசிக் காசு வரை இழுக்காதீர்கள். பிடிப்பதற்கு முன்னும் பின்னும் உள்ள வேலைகளைச் சேர்த்துப் பார்த்தால் மீன் தொழிலில் பாதிப் பேர் பெண்கள் என்கிறது ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு. சந்தையில் அது கண்ணால் தெரியும்.

நான் மீன் சாப்பிடுவதில்லை. எனக்கு அங்கே என்ன இருக்கிறது?

வலைக்கடை! கடலோர ஊரில் ஒரே ஒரு கடைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் சொல்வேன். துறைக்குப் பின்னால் உள்ள தெருவில், பெயர்ப்பலகை மங்கிப்போய் இருக்கும். உள்ளே நைலான் நூல் கண்டு கண்டாக, எடை போட்டு விற்பார்கள். விரல் நுழையாத கண்ணியிலிருந்து தலை நுழைகிற கண்ணி வரை வலைகள் தொங்கும், எந்தக் கண்ணி எந்த மீனுக்கு என்று கேட்டால் கடைக்காரர் விரலை வைத்தே அளந்து காட்டுவார். மிதவை, ஈயக்குண்டு, எண் வாரியாகத் தூண்டில் முள், எண்ணெய் விளக்கு, மழைச்சட்டை. வலை பின்னும் ஊசி கையில் அடங்குகிற அளவு, விலை குறைவு, உடையாது, எந்தச் சுங்கத்திலும் கேள்வி வராது. நினைவுப்பொருள் என்றால் அது.

வாரச்சந்தை இருந்தால் அதற்கும் போங்கள். உள்நாட்டு விவசாயிகள் கரைக்கு வரும் நாள் அது.

சங்கு, சோழி, பவளம் வாங்கலாமா?

கடையில் பளபளக்கும் சோழியைக் கையில் எடுத்துப் பாருங்கள். உயிரோடு இருக்கும்போது அந்தப் பிராணியின் மென்சதை ஓட்டை வெளிப்புறமும் மூடியிருக்கும், அதனால்தான் அந்தப் பளபளப்பு. கரை ஒதுங்கி அலையில் உருண்டது மங்கி, சுரசுரப்பாக இருக்கும். ஆக, கடையில் மினுங்குகிற சோழிகள் பெரும்பாலும் உயிரோடு பிடிக்கப்பட்டவை. தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

சட்டமும் உண்டு. 1973-ல் கையெழுத்தாகி 1975-ல் நடைமுறைக்கு வந்த சைட்டிஸ் ஒப்பந்தம் அழிவில் உள்ள உயிரினங்களின் நாடுகடந்த வணிகத்தைக் கட்டுப்படுத்துகிறது. ஏழு வகைக் கடலாமைகளும் அதன் முதல் பட்டியலில் இருக்கின்றன. அழுங்காமை ஓட்டில் செய்த சீப்பு, வளையல், கண்ணாடிச் சட்டம் எதையும் தொடாதீர்கள். கல்பவளம், கரும்பவளம், ராட்சதச் சிப்பி, கடல்குதிரை, சுருள் ஓடுள்ள நாட்டிலஸ் ஆகியவை இரண்டாம் பட்டியலில் உள்ளன, எல்லை தாண்டக் காகிதம் வேண்டும். சொந்த உபயோகத்துக்குச் சிறு சலுகை உண்டு, உதாரணமாக ராட்சதச் சிப்பி ஓடு ஒருவருக்கு மூன்று வரை, மொத்தம் 3 கிலோவுக்குள். ஆனால் எல்லா நாடும் அந்தச் சலுகையை ஏற்பதில்லை. "எல்லோரும் வாங்கிப் போகிறார்கள்" என்று கடைக்காரர் சொல்வது விமான நிலையத்தில் செல்லாது.

கரையில் கிடப்பதைப் பொறுக்கலாமே என்பீர்கள். ஸ்பெயினின் யார்கா கடற்கரையில் முப்பது ஆண்டு இடைவெளியில் எடுத்த கணக்கை ஒப்பிட்டு 2014-ல் ஒரு ஆய்வு வந்தது. சுற்றுலாப் பயணிகள் ஏறக்குறைய மூன்று மடங்காகியிருந்தார்கள், கிளிஞ்சல்கள் பாதிக்கும் கீழே போயிருந்தன. துறவி நண்டுக்கு அது வீடு, மணலுக்குச் சுண்ணாம்பு. ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

முத்து அசலா என்று பார்ப்பது எப்படி?

பல்லில் மெதுவாகத் தேய்த்தால் அசல் நறநறக்கும், கண்ணாடி மணி வழுக்கும். ஆனால் வளர்ப்பு முத்தும் நறநறக்கும். இயற்கை முத்தா வளர்ப்பு முத்தா என்பதை எக்ஸ்ரே வைத்துத்தான் சொல்ல முடியும், தெருவோரக் கடையில் எவராலும் முடியாது.

படம் எடுக்கலாமா?

மீனை எடுக்கலாம். ஆளை எடுக்கும் முன் கேளுங்கள், கேமராவைத் தூக்கிக் காட்டித் தலையசைத்தாலே போதும். ஏலம் நடக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம். முதலில் ஏதாவது வாங்கிவிட்டுக் கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே நிற்பார்கள்.

என்ன போட்டுக்கொண்டு, என்ன எடுத்துக்கொண்டு போவது?

வழுக்காத அடிப்பாகம் உள்ள, கழுவக்கூடிய செருப்பு. தரை முழுதும் தண்ணீர், செதில், ஐஸ். சில்லறை நோட்டுகள், ஒழுகாத டப்பா ஒன்று, துணிப்பை ஒன்று. காலில் ஆறாத புண் இருந்தால் மூடிய காலணி போடுங்கள், வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் சில கிருமிகள் புண் வழியே ஏறும்.

மீன் முள் குத்திவிட்டது. என்ன செய்வது?

கெளுத்தி, திருக்கை, தேள்மீன் போன்றவற்றின் முள்ளில் நஞ்சு உண்டு, மீன் செத்த பிறகும் வேலை செய்யும். பொறுக்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில், குத்திய இடத்தை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வைத்தால் வலி தணியும். சூட்டைக் குத்துப்படாத கையால் சோதியுங்கள், வலியில் இருக்கும் கைக்குச் சுடுவது தெரியாது. முள் உள்ளே முறிந்திருந்தாலும், காயம் ஆழமாக இருந்தாலும், மூச்சு முட்டினாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். மார்பிலோ வயிற்றிலோ திருக்கை முள் ஏறியிருந்தால் பிடுங்காதீர்கள்.

கருவாடு வாங்கி ஊருக்கு எடுத்துப் போகலாமா?

உள்நாட்டுப் பயணம் என்றால் வாசனைதான் பிரச்சினை. நன்றாகக் காய்ந்ததா என்று முதுகெலும்பை ஒட்டிய சதையை அழுத்திப் பாருங்கள், அங்கே ஈரம் இருந்தால் வழியிலேயே பூஞ்சை பிடிக்கும். இரண்டு பை, நடுவில் ஒரு செய்தித்தாள், அதற்கு மேல் மூடி இறுக்கமான டப்பா.

நாடு தாண்டுவதென்றால் போகும் நாட்டின் விதியைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் இறைச்சி, பால் பொருட்களை வெளியிலிருந்து கொண்டுவர அநேகமாக அனுமதிப்பதில்லை, ஆனால் சொந்த உபயோகத்துக்கான மீனை 20 கிலோ வரை விடுகிறது. ஆஸ்திரேலியாவில் எந்த உணவுப் பொருளையும் படிவத்தில் எழுதிக் காட்டியே ஆக வேண்டும், காட்டாமல் பிடிபட்டால் அபராதம். சந்தேகம் இருந்தால் எழுதிவிடுங்கள். எழுதியபின் அதிகாரிகள் எடுத்துக்கொண்டாலும் கருவாடுதான் போகும்.